அமெரிக்க ஏழை விடுதிப் பேரேடுகளில் மூதாதையரைத் தேடுவது எப்படி?

குடும்ப வரலாறு தேடுகிறவர்கள் முதலில் போய் நிற்பது பத்திரங்களிலும் உயில்களிலும்தான். நிலம் வாங்கியவருக்குப் பத்திரம் இருக்கும். சொத்து வைத்துவிட்டுப் போனவருக்கு உயில் இருக்கும். கடை வைத்திருந்தவர் உள்ளூர்ப் பத்திரிகையில் ஒரு விளம்பரமாவது கொடுத்திருப்பார். கையில் ஒன்றும் இல்லாமல் வாழ்ந்து செத்தவருக்கு என்ன இருக்கும்?

அமெரிக்காவைப் பொறுத்தவரை, நிறையவே இருக்கலாம். 19ஆம் நூற்றாண்டில் அந்த நாட்டின் பல பகுதிகளில், கவுண்டி எனப்படும் உள்ளூர் நிர்வாகங்கள் பொதுப்பணத்தில் ஆளுக்கொரு ஏழை விடுதி நடத்தின. கணவனை இழந்த பெண், கால் ஒடிந்த கூலிக்காரர், கைவிடப்பட்ட கர்ப்பிணி, பார்த்துக்கொள்ள ஆள் இல்லாத கிழவர் என்று யார் வந்து சேர்ந்தாலும் பேரேட்டில் ஒரு வரி விழும். சில மாநிலங்களில் ஒரு வரியோடு நிற்காமல் ஒரு முழுத் தாளே நிரம்பும். பெற்றோர் எங்கே பிறந்தார்கள், எந்தத் துறைமுகத்தில் வந்து இறங்கினார், கூடப் பிறந்தவர்கள் யாராவது உதவி வாங்குகிறார்களா என்பது வரை அதில் இருக்கும்.

இவ்வளவையும் அக்கறையால் எழுதி வைத்தார்கள் என்று நினைத்துவிட வேண்டாம். இந்த ஆளுக்கு ஆகும் செலவை யார் தலையில் கட்டுவது என்று தெரிந்துகொள்ளத்தான் எழுதினார்கள். புதிதாகத் தேடத் தொடங்குகிறவர் இதை மட்டும் மனதில் வைத்துக்கொண்டால், எந்தக் காகிதம் எந்த அலுவலகத்தில் இருக்கும், அதில் என்ன இருக்கும், என்ன இருக்காது என்பதெல்லாம் பெரும்பாலும் தானே பிடிபட்டுவிடும். பணம் எங்கெல்லாம் கைமாறியதோ அங்கெல்லாம் ஒரு காகிதம் உண்டாகியிருக்கும்.

விடுதி வந்த கதை

கவுண்டி என்பது மாநிலத்துக்கு அடுத்த நிர்வாகப் பிரிவு. நம் மாவட்டம் மாதிரி என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் மக்கள்தொகையில் பல கவுண்டிகள் நம் தாலுகாவைவிடச் சிறியவை. நாடு முழுக்க 3,000க்கும் அதிகமான கவுண்டிகள் உண்டு.

ஏழைகளைக் காப்பது அந்தந்த ஊரின் பொறுப்பு என்ற ஏற்பாடு இங்கிலாந்திலிருந்து வந்தது. முதலாம் எலிசபெத் ராணி காலத்தில், 1601இல் வந்த ஏழைகள் சட்டத்தின் சாரத்தைக் குடியேறியவர்கள் கையோடு கொண்டுவந்துவிட்டார்கள். ஊருக்கு ஊர் ஏழைகள் மேற்பார்வையாளர் என்று ஒருவர் இருப்பார். வரிப்பணத்தில் விறகும் மாவும் வாங்கிக் கொடுத்து, ஏழைகளை அவரவர் வீட்டிலேயே இருக்கச் செய்வார். அல்லது வேறு யார் வீட்டிலாவது தங்கவைத்துச் செலவைக் கொடுப்பார். சில ஊர்களில் இதற்கு ஏலமே விட்டார்கள். வழக்கமான ஏலத்துக்கு இது தலைகீழ். இந்தக் கிழவியை ஒரு வருஷம் வைத்துச் சோறு போட யார் குறைந்த தொகை கேட்கிறாரோ அவர் வீட்டுக்குக் கிழவி போக வேண்டும். குறைந்த தொகைக்கு ஒப்புக்கொண்டவர் எப்படிப்பட்ட சோறு போட்டிருப்பார் என்று சொல்லத் தேவையில்லை.

இந்தக் கொடுமையிலும் தேடுபவருக்கு ஒரு லாபம் உண்டு. ஊர்க் கணக்குப் புத்தகத்தில் “இன்ன விதவையை 52 வாரம் வைத்துக்கொண்டதற்கு இன்னாருக்கு இவ்வளவு” என்ற மாதிரி ஒரு வரி கிடைக்கும். 1820களுக்கு முன்னால் வாழ்ந்த ஒருவரைத் தேடுகிறீர்கள் என்றால் கவுண்டி விடுதியை விட்டுவிட்டு, இந்த ஊர்க் கணக்குகளையும் ஊர்க் கூட்டக் குறிப்புகளையும்தான் முதலில் புரட்ட வேண்டும்.

1821இல் மாசசூசெட்ஸில் ஜோசையா குவின்சி தலைமையிலான குழு ஒரு அறிக்கை கொடுத்தது. 1824இல் நியூயார்க் மாநிலச் செயலர் ஜான் வான் நெஸ் யேட்ஸ் இன்னொரு அறிக்கை கொடுத்தார். இரண்டும் ஏறக்குறைய ஒன்றைத்தான் சொல்லின: வீட்டுக்கு வீடு உதவி செய்வது வீண் செலவு, ஏலமுறை மனிதத்தன்மை இல்லாதது, எல்லோரையும் ஒரே கூரையின் கீழ் கொண்டுவந்து வேலை வாங்குங்கள். அந்த ஆண்டே நியூயார்க், கவுண்டி ஏழை விடுதிச் சட்டத்தை நிறைவேற்றியது. மற்ற மாநிலங்களிலும் இதே போக்குத்தான். விடுதியோடு சேர்த்து நிலமும் வாங்கினார்கள். உள்ளே இருப்பவர்கள் உழுது பயிரிட்டுத் தங்கள் செலவைத் தாங்களே ஈடுகட்டுவார்கள் என்பது கணக்கு. கணக்குப் பொய்த்தது. அங்கே வந்தவர்களில் பெரும்பாலோர் கிழவர்கள், நோயாளிகள், குழந்தைகள். உழுவதற்குத் தெம்புள்ளவர் ஏன் அங்கே வரப்போகிறார்? ஆனாலும் விடுதிகள் பெருகின. 1880 கணக்கெடுப்பில் நாடு முழுக்க இவற்றில் இருந்தவர்கள் சுமார் 66,000 பேர். 1903 முடிவில் 81,000க்கு மேல்.

பெயர் விஷயத்தில் உஷாராக இருங்கள். ஒரே கட்டடம் வெவ்வேறு காலத்தில் புவர்ஹவுஸ், ஆம்ஸ்ஹவுஸ், புவர் ஃபார்ம், கவுண்டி ஃபார்ம், கவுண்டி ஹோம் என்று பல பெயர்களில் இருந்திருக்கும். ஒஹாயோவில் 1850இல் இவற்றுக்கு இன்ஃபர்மரி என்று பெயர் மாற்றினார்கள். 1919இல் கவுண்டி ஹோம் ஆக்கினார்கள். இன்ஃபர்மரி என்றதும் ஏதோ மருத்துவமனை என்று நினைத்துத் தாண்டிப் போகிறவர்கள் உண்டு. தேடுபெட்டியில் இந்தப் பெயர்கள் எல்லாவற்றையும் போட்டுப் பார்க்க வேண்டும்.

எந்த ஊர் ஆள்?

ஏழை ஒருவர் உதவி கேட்டு வந்ததும் அதிகாரி கேட்ட முதல் கேள்வி “உனக்கு என்ன வேண்டும்” என்பதல்ல, “நீ எந்த ஊர் ஆள்” என்பது. சட்டப்படி ஒவ்வொருவருக்கும் ஏதோ ஒரு ஊரில் குடியுரிமை மாதிரி ஒன்று இருந்தது. அங்கே பிறந்ததாலோ, சொத்து வைத்திருந்ததாலோ, வரி கட்டியதாலோ, இத்தனை வருஷம் தொடர்ந்து குடியிருந்ததாலோ அது வரும். மனைவிக்குக் கணவனின் ஊர். குழந்தைக்குப் பெரும்பாலும் தகப்பனின் ஊர். அந்த ஊர்தான் செலவை ஏற்க வேண்டும்.

ஆகவே ஊருக்கும் ஊருக்கும் ஓயாத சண்டை. “இந்தப் பெண் எங்கள் ஊர் இல்லை, அவள் புருஷன் உங்கள் ஊர்க்காரன்” என்று கடிதம் போகும். வழக்கு நடக்கும். அந்தப் பெண்ணை உட்காரவைத்து வாக்குமூலம் வாங்குவார்கள்: எங்கே பிறந்தாய், எப்போது கல்யாணம், யார் நடத்திவைத்தார், கணவனின் தகப்பன் எங்கே இருந்தான். வம்சாவளி தேடுகிறவருக்கு இதைவிட வேறு என்ன வேண்டும்? வெர்மான்ட், மாசசூசெட்ஸ், ரோட் ஐலண்ட் போன்ற நியூ இங்கிலாந்துப் பகுதிகளில், புதிதாக வந்தவர்களை “இங்கே தங்க உனக்கு உரிமை இல்லை” என்று எச்சரித்த நோட்டீஸ்களும் இருக்கின்றன. ஒரு குடும்பம் எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்கு எப்போது வந்தது என்பதற்கு இவை நல்ல சாட்சி. நோட்டீஸ் வந்ததாலேயே அவர்களைத் துரத்திவிட்டார்கள் என்று அர்த்தம் இல்லை. நாளைக்குச் செலவு நம் தலையில் விழக் கூடாது என்று ஊர் எடுத்துக்கொண்ட முன்ஜாக்கிரதை அது. பலர் அங்கேயே தங்கிவிட்டார்கள்.

எந்த ஊருக்கும் சொந்தமில்லாதவர்கள் என்ன ஆனார்கள்? அங்கே மாநிலம் தலையிட்டது. மாசசூசெட்ஸ் 1854இல் டியூக்ஸ்பரி, மான்சன், பிரிட்ஜ்வாட்டர் என்ற மூன்று இடங்களில் மாநில விடுதிகளைத் திறந்தது. பஞ்சத்தில் அடிபட்டு அயர்லாந்திலிருந்து வந்த ஏராளமானோர் இவற்றில்தான் போய்ச் சேர்ந்தார்கள். நியூயார்க் 1873இல் ஒரு சட்டம் போட்டது: வருகிறவர் முந்தைய ஓராண்டில் எந்தக் கவுண்டியிலும் 60 நாள் குடியிருக்கவில்லை என்றால் அவர் மாநிலத்தின் பொறுப்பு. கவுண்டி ஏட்டில் உங்கள் ஆளைக் காணவில்லை என்றால் மாநிலக் காப்பகத்தைத் தட்டிப் பாருங்கள் என்பது இதிலிருந்து கிடைக்கும் பாடம்.

நியூயார்க்கின் ஒற்றைத் தாள்

புதியவர்கள் தொடங்க நல்ல இடம் நியூயார்க் மாநிலம்தான் என்பது என் அபிப்பிராயம். காரணம், 1875 முதல் அங்கே ஒவ்வொரு விடுதியும், உள்ளே வரும் ஒவ்வொருவருக்கும் ஒரு தனிப் படிவத்தை நிரப்பி மாநில அறநிலைய வாரியத்துக்கு அனுப்ப வேண்டியிருந்தது. 1921 வரை சேர்ந்த அந்தத் தாள்கள் மாநில ஆவணக்காப்பகத்தில் இருக்கின்றன. ஆன்செஸ்ட்ரி என்ற குடும்ப வரலாற்றுத் தளத்தில் படங்களாகவும் பார்க்கலாம். அந்தத் தளத்துக்குக் கட்டணம் உண்டு, ஆனால் நியூயார்க் மாநிலத்தில் குடியிருப்பவர்களுக்கு இந்தத் தொகுப்பு இலவசம். தொகுப்பின் தலைப்பில் 1830 என்று இருப்பதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். 1875இல் கணக்கெடுத்தபோது உள்ளே இருந்த பழைய ஆட்களில் சிலர் அத்தனை காலத்துக்கு முன்பே வந்தவர்கள். வந்த தேதியை வைத்துத் தலைப்பு போட்டிருக்கிறார்கள்.

அந்தத் தாளில் இருப்பவை: பெயர், வந்த தேதி, வயது, நிறம், திருமணமானவரா, பிறந்த இடம், மாநிலத்திலும் கவுண்டியிலும் எத்தனை காலமாக இருக்கிறார், வெளிநாட்டவர் என்றால் எந்தத் துறைமுகத்தில் இறங்கினார், குடியுரிமை வாங்கினாரா, தாய் தகப்பன் பிறந்த இடம், தகப்பன் செய்த தொழில், படிப்பு, குடிப்பழக்கம், குடும்பத்தில் வேறு யாராவது பொதுப்பணத்தில் வாழ்ந்தார்களா, ஏழ்மைக்குக் காரணம் என்ன, என்ன வேலை செய்ய முடியும், இனிமேல் தேறுவாரா. கடைசிக் கேள்விக்கு அதிகாரிகள் எழுதிய பதில்கள் நெஞ்சைச் சுடும். இருபது வயதுப் பெண்ணின் தாளில் “சாகும் வரை இங்கேதான்” என்ற தொனியில் ஒரு வரி இருந்தாலும் ஆச்சரியப்படாதீர்கள்.

இந்தக் கேள்விகளில் பாதி பணத்துக்காக. எத்தனை நாள் குடியிருப்பு, எந்தத் துறைமுகம், உறவினர் யார் என்பதெல்லாம் செலவை யாரிடம் வசூலிக்கலாம் என்று பார்ப்பதற்கு. மீதிப் பாதிக்குக் காரணம் அந்தக் காலத்து மோகம் ஒன்று. வறுமை தகப்பனிடமிருந்து பிள்ளைக்கு ரத்தத்தில் வருகிறதா என்று 1870களில் படித்தவர்கள் தீவிரமாக ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். தாத்தா குடித்தாரா, அத்தைக்குப் பைத்தியமா என்று கேட்டது அதனால்தான். அவர்கள் தேடியது அபத்தம். ஆனால் அந்த அபத்தத்தின் புண்ணியத்தில் நமக்கு மூன்று தலைமுறை விவரம் ஒரே தாளில் கிடைக்கிறது. 1890 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ஏடுகள் 1921இல் வாஷிங்டனில் நடந்த தீ விபத்தால் ஏறக்குறைய மொத்தமும் போய்விட்டன. 1880க்கும் 1900க்கும் நடுவே ஒரு ஏழைக் குடும்பத்தைக் கண்டுபிடிக்க இந்தத் தாள்கள் எவ்வளவு பெரிய உதவி என்பதைத் தேடிப் பார்த்தவர்களே சொல்வார்கள்.

படிக்கும்போது ஒன்றை மறக்கக் கூடாது. பேனா பிடித்தவர் அதிகாரி. ஏழ்மைக்குக் காரணம் என்ற கட்டத்தில் “குடி” என்று எழுதியிருந்தால், அந்த மனிதர் குடிகாரர் என்பதற்கு அது சாட்சி இல்லை. அதிகாரி அப்படி நினைத்தார் என்பதற்குத்தான் சாட்சி. ஐரிஷ்காரர்களைப் பற்றிய முன்முடிவுகள் அந்தக் கட்டத்தில் நிறையவே புகுந்திருக்கும். வயது தோராயம். பெயரின் எழுத்து, கேட்டது கேட்டபடி. இடியட், லுனாட்டிக் போன்ற சொற்கள் அன்றைக்குச் சட்டத்திலும் மருத்துவத்திலும் வழங்கியவை. வசவு என்று எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை, நோயின் பெயர் என்று நம்பவும் வேண்டியதில்லை. வெளியேறிய விதம் என்ற கட்டத்தில் எலோப்டு என்று இருந்தால், கொள்ளுத்தாத்தா யாரையோ இழுத்துக்கொண்டு ஓடிக் கல்யாணம் செய்துகொண்டார் என்று கதை கட்டிவிடாதீர்கள். சொல்லாமல் கொள்ளாமல் விடுதியை விட்டுப் போய்விட்டார், அவ்வளவுதான்.

அப்புறம், வந்தவர்கள் எல்லோரும் அங்கேயே கிடந்து செத்தவர்கள் இல்லை. குளிர்காலத்தில் வேலை இல்லாதபோது வந்து, வசந்தம் வந்ததும் கிளம்பிய கூலிக்காரர்கள் ஏராளம். பிரசவத்துக்கு வந்து குழந்தையோடு திரும்பிய பெண்கள் இருந்தார்கள். ஒரே ஆள் நான்கைந்து முறை வந்து போயிருக்கலாம். ஒரு பதிவு கிடைத்ததும் நிறுத்திவிடாமல் முன்னும் பின்னும் சில ஆண்டுகளைப் புரட்டுங்கள். ஒவ்வொரு முறை வரும்போதும் கொஞ்சம் மாற்றிச் சொல்லியிருப்பார். ஒன்றில் விட்டுப்போனது இன்னொன்றில் இருக்கும்.

டியூக்ஸ்பரிக்கு வந்த இரண்டு பிள்ளைகள்

இந்த விடுதிகளில் இருந்தவர்களில் உலகம் அறிந்த பெயர் ஆன் சல்லிவன். கண்ணும் காதும் இழந்த ஹெலன் கெல்லருக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தவர். 1876 பிப்ரவரியில், பத்து வயதுகூட நிறையாத நிலையில், தம்பி ஜிம்மியோடு டியூக்ஸ்பரி விடுதிக்கு வந்து சேர்ந்தார். ஐரிஷ் பெற்றோர். அம்மா காசநோயில் இறந்துவிட்டார், அப்பா பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளவில்லை. ஆனுக்குக் கண்நோயால் பார்வை மங்கியிருந்தது. ஜிம்மிக்கு இடுப்பில் காசநோய். சில மாதங்களில் தம்பி அங்கேயே இறந்துபோனான். 1880இல் மாநில அறநிலைய அதிகாரி ஃபிராங்க் சான்பார்ன் விடுதியைப் பார்வையிட வந்தபோது, எனக்குப் பள்ளிக்கூடம் போக வேண்டும் என்று அவரிடமே போய்க் கேட்டு, அந்த ஆண்டே பெர்கின்ஸ் பார்வையற்றோர் பள்ளிக்குப் போனார்.

டியூக்ஸ்பரியின் பழைய சேர்க்கைப் பதிவுகள் சிறு வாழ்க்கைக் குறிப்புகள் மாதிரி இருக்கும். எந்தக் கப்பலில் வந்தார், பாஸ்டனில் இறங்கினாரா, அதன் பிறகு எந்தெந்த ஊரில் எத்தனை நாள் இருந்தார் என்று வரிசையாக எழுதியிருப்பார்கள். கப்பலின் பெயர் ஏன்? ஏழைகளை இறக்கிவிட்டுப் போகும் கப்பல்காரர்களிடம் மாநிலம் ஈட்டுப் பத்திரமோ தலைவரியோ வாங்கி வைத்திருந்தது. திரும்பவும் பணம்தான். அந்தப் பதிவுகளில் ஒரு பகுதியை மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தின் லோவெல் வளாகம் இணையத்தில் வைத்திருக்கிறது. பயணிகள் பட்டியலில் ஒரே பெயரில் நாற்பது பேர் வந்து குழம்புகிறவர்களுக்கு, இங்கே கிடைக்கும் கப்பல் பெயர் ஒரே அடியில் வழி காட்டிவிடும்.

கணக்கெடுப்பில் தேடுவது

பேரேடு எதுவும் கிடைக்காதவர்கள் பத்தாண்டுக்கு ஒருமுறை எடுக்கும் மத்திய அரசின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலிருந்து தொடங்கலாம். விடுதி இருந்தால் அதையும் ஒரு வீடு மாதிரியே எழுதியிருப்பார்கள். முதலில் கண்காணிப்பாளர், அவர் மனைவி, பிள்ளைகள், சமையல்காரர். அதற்குக் கீழே நீளமாக ஏழைகள். உறவுமுறைக் கட்டத்தில் பாப்பர் (ஏழை) அல்லது இன்மேட் (விடுதிவாசி) என்று இருக்கும். உங்கள் கொள்ளுப்பாட்டி அந்தப் பக்கத்தில் இருக்கிறார் என்றதும் கலங்கிவிடாமல் கட்டத்தைப் பாருங்கள்; அவர் அங்கே சம்பளத்துக்கு வேலை பார்த்தவராகவும் இருக்கலாம்.

1850, 1860 கணக்கெடுப்புகளில் காது கேளாதவர், பார்வையற்றவர், மனநோயாளி, ஏழை, குற்றவாளி ஆகியோரைக் குறிக்க ஒரு தனிக் கட்டம் உண்டு. விடுதிக்கு வெளியே உதவி வாங்கியவர்கள் பெயருக்கு எதிரேயும் அதில் குறிப்பு இருக்கலாம். 1880இல் ஒரு படி மேலே போய்த் தனி அட்டவணையே போட்டார்கள். அதன் பெயரே கொடூரம்: குறைபாடுள்ள, பிறரை நம்பி வாழும், குற்றம் புரிந்த வகுப்பினர். ஆனால் விடுதிவாசியின் சொந்த ஊரும் கவுண்டியும் அதில் இருக்கும். பொதுக் கணக்கெடுப்பில் அவர் விடுதி இருந்த இடத்தில் மட்டும்தான் பதிவாகியிருப்பார்; அங்கிருந்து அவருடைய பழைய வீட்டுக்குப் போக இந்தத் தனி அட்டவணைதான் வழி. இவை எல்லா மாநிலங்களுக்கும் முழுதாகத் தப்பிப் பிழைக்கவில்லை. தப்பியவை மாநில ஆவணக்காப்பகங்களிலும் நூலகங்களிலும் சிதறிக் கிடக்கின்றன. ஒரு பகுதி ஆன்செஸ்ட்ரியில் உண்டு.

தென் மாநிலங்களில் கறுப்பின மூதாதையரைத் தேடுகிறவர்களுக்கு 1865க்கு முன்னால் இந்த ஏடுகளில் அதிகம் கிடைக்காது. அடிமைகளைப் பார்த்துக்கொள்வது எஜமானர் பொறுப்பு என்று சட்டம் ஒதுக்கிவிட்டிருந்தது. விடுதலைக்குப் பிறகு, விடுதலை பெற்றவர்களுக்கு உதவ மத்திய அரசு 1865 முதல் 1872 வரை நடத்திய ஃப்ரீட்மென்ஸ் பீரோவின் ரேஷன் பட்டியல்கள், மருத்துவமனைக் குறிப்புகளைப் பார்ப்பதுதான் பலன் தரும். ஃபேமிலிசெர்ச் என்ற குடும்ப வரலாற்றுத் தளத்தில் அவை இலவசம்.

பிள்ளைகள், மனநோயாளிகள், இறந்தவர்கள்

விடுதியில் ஒரு குடும்பம் சேர்ந்தே வந்தாலும் சேர்ந்தே இருந்தது என்று சொல்ல முடியாது. பிள்ளைகளை ஒப்பந்தம் எழுதி விவசாயிகளிடமும் தொழில்காரர்களிடமும் ஒப்படைத்துவிடுவார்கள். பொதுவாகப் பையனுக்கு 21 வயது வரை, பெண்ணுக்கு 18 வயது வரை. எழுதப் படிக்கச் சொல்லித் தர வேண்டும், காலம் முடிந்ததும் புது உடுப்பும் ஒரு பைபிளும் கொடுக்க வேண்டும் என்றெல்லாம் அதில் ஷரத்துகள் இருக்கும். கவுண்டிக்கு இதில் ஒரு வாய் மிச்சம். நமக்கு ஒரு ஒப்பந்தப் பத்திரம் மிச்சம். கணக்கெடுப்பில் வேறு யார் வீட்டிலோ வேறு குடும்பப் பெயருடைய பத்து வயதுப் பையன் ஒருவன் தனியாக நின்றால், இப்படி ஒரு ஒப்பந்தம் பின்னால் இருக்கலாம். 1875இல் நியூயார்க் 3 வயதுக்கு மேல் 16 வயதுக்குள் உள்ள பிள்ளைகளை ஏழை விடுதிகளில் வைக்கக் கூடாது என்று சட்டம் போட்டது. அதன் பிறகு பிள்ளைகளை அநாதை இல்லங்களின் ஏடுகளில் தேட வேண்டும்.

மனநோயாளிகளும் இதே போலப் பிரிந்தார்கள். சமூகச் சீர்திருத்தவாதி டொரோதியா டிக்ஸ் 1843இல் மாசசூசெட்ஸ் சட்டமன்றத்துக்குக் கொடுத்த மனுவில் சிறைகளிலும் ஏழை விடுதிகளிலும் சங்கிலியில் கிடந்தவர்களைப் பற்றி எழுதிய பிறகு, அவர்களை மாநில மருத்துவமனைகளுக்கு மாற்றும் வேலை மெல்ல நடந்தது. நியூயார்க்கில் 1869இல் வில்லர்டு மனநல மருத்துவமனை திறந்ததே கவுண்டி விடுதிகளிலிருந்து அவர்களைக் கொண்டுவரத்தான். இந்த மருத்துவமனைப் பதிவுகளைப் பார்ப்பது கடினம். ஹிப்பா என்ற மத்திய சட்டப்படி ஒருவர் இறந்து 50 ஆண்டு வரை அவருடைய மருத்துவ விவரங்களுக்குப் பாதுகாப்பு உண்டு. அதற்கு மேலும் கட்டுப்பாடு விதிக்கும் மாநிலங்கள் இருக்கின்றன. ஆனால் விடுதி ஏட்டில் “இன்ன தேதியில் வில்லர்டுக்கு அனுப்பப்பட்டார்” என்ற வரி பெரும்பாலும் திறந்தே இருக்கும்.

இறந்தவர்களுக்கு வருவோம். உறவினர் யாரும் வராவிட்டால் விடுதியின் பின்னால் உள்ள நிலத்தில் புதைத்துவிடுவார்கள். பெயர் இருக்காது; எண் பொறித்த ஒரு குறி இருந்தால் அதிர்ஷ்டம். டியூக்ஸ்பரியின் பைன்ஸ் கல்லறைத் தோட்டத்தில் இப்படி எண்கள்தான். பல இடங்களில் அதுவும் அழிந்து, மேலே பூங்காவும் கல்லூரியும் வந்துவிட்டன. 1984இல் நியூயார்க் மாநிலத்து ராச்செஸ்டர் நகரின் ஹைலண்ட் பூங்காவில் மண்ணை நகர்த்தும்போது மன்ரோ கவுண்டி விடுதிக்காரர்களின் எலும்புகள் வெளிவந்தன. சுமார் 300 பேரின் எலும்புகளை எடுத்து மவுண்ட் ஹோப் மயானத்தில் மறுபடி அடக்கம் செய்தார்கள். பஃபலோ பல்கலைக்கழகத்தின் தெற்கு வளாகத்தின் அடியில் இருப்பது ஈரி கவுண்டி விடுதியின் மயானம்.

கல்லறையே இல்லாமலும் போயிருக்கலாம். யாரும் கேட்டு வராத உடல்களை மருத்துவக் கல்லூரிகளுக்குக் கொடுக்க மாசசூசெட்ஸில் 1831இலும் நியூயார்க்கில் 1854இலும் சட்டம் வந்துவிட்டது. டியூக்ஸ்பரியில் உடல்களை விற்கிறார்கள் என்று 1883இல் அந்த மாநில ஆளுநர் பெஞ்சமின் பட்லரே குற்றம் சாட்டி விசாரணை நடத்தினார். ஆகவே மயானத்தில் தேடுவதைவிடக் கணக்கில் தேடுவதே மேல். சவப்பெட்டிக்கு இவ்வளவு, குழி வெட்டியவருக்கு இவ்வளவு, கடைசியாகப் பார்த்த வைத்தியருக்கு இவ்வளவு. இறப்புச் சான்றிதழே வழக்கத்துக்கு வராத காலத்தில், தேதியோடு கிடைக்கும் ஒரே சான்று அந்தச் சவப்பெட்டி ரசீதாக இருக்கலாம்.

சரி, எங்கிருந்து தொடங்குவது?

வீட்டில் உட்கார்ந்தபடியே தொடங்கலாம். ஃபேமிலிசெர்ச் தளத்தில் இலவசக் கணக்கு ஒன்று போதும். அதன் பட்டியல் (கேட்டலாக்) பகுதிக்குப் போய் மாநிலத்தையும் கவுண்டியையும் கொடுத்தால் வரும் தலைப்புகளில் புவர்ஹவுசஸ், புவர் லா என்று ஒன்று இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அந்தக் கவுண்டியின் விடுதி ஏடுகளைப் படம் பிடித்து வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். 2024 முதல் கையெழுத்தைக் கணினியே படித்துத் தேடித் தரும் வசதியும் அங்கே வந்திருக்கிறது. அட்டவணை போடாத கவுண்டிக் கணக்குகளுக்குள் இருக்கும் பெயர்கள்கூட இப்போது சிக்குகின்றன. கையெழுத்து மோசமாக இருந்தால் அதற்கும் தடுமாற்றம்தான், எழுத்தை மாற்றி மாற்றிப் போட்டுப் பாருங்கள்.

அங்கே இல்லையென்றால் மூல ஏடு எங்கே கிடக்கும்? 1935இல் வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத்தில் முதியோர் உதவித்தொகை உண்டு, ஆனால் பொது விடுதியில் இருப்பவர்களுக்கு அது கிடையாது என்று வைத்துவிட்டார்கள். முதியவர்கள் வெளியே வந்தார்கள், விடுதிகள் காலியாயின. சில மூடப்பட்டன, சில கவுண்டி மருத்துவமனையாகவும் முதியோர் பராமரிப்பு இல்லமாகவும் மாறின. ஏடுகளின் கதியும் கட்டடத்தின் கதியைப் பொறுத்தது. கவுண்டி கிளார்க் அலுவலகம், கவுண்டி வரலாற்றுச் சங்கம், மாநில ஆவணக்காப்பகம், பழைய கட்டடத்தில் இப்போது நடக்கும் முதியோர் இல்லம் என்று ஒவ்வொன்றாகக் கேட்க வேண்டும். நியூயார்க்கில் உள்ளூர் வரலாற்றாசிரியர் என்ற பதவியே 1919 சட்டப்படி உண்டு. அவரைக் கேட்பது குறுக்கு வழி.

கேட்கும்போது “என் குடும்பத்தைப் பற்றி என்ன இருக்கிறது” என்று எழுதினால் பதில் வராது. பெயர், அதன் வேறு எழுத்துக்கூட்டல்கள், தோராயமான பிறந்த ஆண்டு, எந்தக் கணக்கெடுப்பில் எந்தப் பக்கத்தில் பார்த்தீர்கள், எந்த ஆண்டுகளுக்கான சேர்க்கைப் பேரேடு வேண்டும் என்று நாலு வரியில் எழுதுங்கள். சேர்க்கைப் பேரேடு இல்லை என்று பதில் வந்தால், அந்த ஆண்டுகளின் கண்காணிப்பாளர் கணக்கோ மேற்பார்வையாளர்களின் செலவேடோ இருக்கிறதா என்று மறுபடி கேளுங்கள். இரண்டாவது கேள்விக்குத்தான் பல நேரம் அலமாரி திறக்கும்.

ஏடு மொத்தமும் எரிந்துபோன கவுண்டிகளும் உண்டு. அங்கேயும் ஒரு வழி இருக்கிறது. விடுதிக்குச் செலவு செய்தது கவுண்டி வாரியம். செலவுக்கு வாக்காளரிடம் பதில் சொல்ல வேண்டும் என்பதால் பல கவுண்டிகள் வாரியத்தின் ஆண்டு நடவடிக்கைகளைப் புத்தகமாக அச்சிட்டன. சிலவற்றில் யாருக்காக, எந்த ஊர்க் கணக்கில், எத்தனை வாரத்துக்கு எவ்வளவு என்று பெயரோடு பட்டியல் இருக்கும். இவற்றில் நிறைய இப்போது இன்டர்நெட் ஆர்கைவ், ஹாத்திட்ரஸ்ட் என்ற இணைய நூலகங்களில் கிடைக்கின்றன. கவுண்டியின் பெயரோடு போர்டு ஆஃப் சூப்பர்வைசர்ஸ், ஆண்டு இரண்டையும் சேர்த்துத் தேடிப் பாருங்கள். மாநிலத்துக்கு மாநிலம் அந்த வாரியத்தின் பெயர் மாறும் என்பதால் கமிஷனர்ஸ் என்றும் ஒருமுறை போட்டுப் பார்ப்பது நல்லது.